எளிதில் கழலாத டிஃபரென்ஷியல் லாக்: களத்தில் விடுவிக்கும் வரிசையும் பட்டறையில் கோளாறு காணும் முறையும்

டிஃபரென்ஷியல் லாக்கின் சுவிட்சை அணைத்தாகிவிட்டது, ஆனால் வண்டி திரும்ப மறுக்கிறது. உள்பக்கச் சக்கரம் மண்ணை உழுதுகொண்டே வருகிறது. இந்த நிலையில் புதிதாக ஓட்டுபவர்களில் பலர் சுவிட்சை மறுபடி மறுபடி தட்டுவதையும், ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை உலுக்கிப் பார்ப்பதையும் கண்டிருக்கிறேன். முதலாவதால் பயன் இல்லை. இரண்டாவது லாக்கை இன்னும் இறுக்கும். கழலாத லாக்குகளில் பெரும்பாலானவற்றில் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. சுமை நீங்காததால்தான் பற்கள் பிடிபட்டு நிற்கின்றன. ஆகவே முதலில் சுமையை நீக்கும் வரிசையையும், அதற்கும் மசியாதபோது கோளாறைத் தேடும் வரிசையையும் கீழே தந்திருக்கிறேன்.

1. பற்களைப் பிடித்திருப்பது எது

டிஃபரென்ஷியலின் வேலை, திருப்பங்களில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்ற இடம் கொடுப்பது. லாக் போட்டதும் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் கோத்தவை போல ஒன்றாகச் சுற்றுகின்றன. பெரும்பாலான லாக்குகளில் இதைச் செய்பவை ஒன்றோடொன்று கோக்கும் பற்களோ முளைகளோதான். அவற்றைப் பிரித்து இழுப்பது உள்ளே இருக்கும் ஒரு சுருள்வில்.

இந்த வில்லின் வலுவையும் எதிரே நிற்கும் சுமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் ஓர் எஞ்சின், 4 மடங்கு முதல் கியர், 2.5 மடங்கு லோ ரேஞ்ச் (மெதுவேகத்துக்கான கூடுதல் கியர்), 4 மடங்கு கிரவுன் பினியன் (ஆக்சிலில் உள்ள கடைசிக் கியர் ஜோடி) என்று வைத்துக்கொண்டால், உராய்வு இழப்பைக் கணக்கில் எடுக்காமல், ஆக்சிலுக்கு வந்து சேர்வது 10,000 நியூட்டன் மீட்டர். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் பிடிப்பு உள்ள மறு சக்கரம் தாங்கும் சுமை முழுவதும் ஒரே ஷாஃப்ட் வழியாகப் போகிறது. அந்த அழுத்தத்தில் பற்களின் பக்கவாட்டு உராய்வை ஒரு சுருள்வில் வெல்வது நடக்காத காரியம்.

பற்களின் மேல் விழும் சுமை இரண்டு வகைப்படும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, எஞ்சினிலிருந்து வருவது. கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலுக்கு மாற்றினாலோ இது போய்விடும். மற்றது, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே ஷாஃப்டுகளில் சிக்கியிருக்கும் முறுக்கம். லாக் போட்டபடி பிடிப்புள்ள தரையில் சற்றே திரும்பியிருந்தாலும் இந்த முறுக்கம் ஏறிவிடும்; எஞ்சினையே அணைத்தாலும் போகாது. டயர் நகர்ந்தோ வழுக்கியோதான் அது தீர வேண்டும். கீழே வரும் படிகளில் சில முதல் சுமைக்கானவை, சில இரண்டாவதற்கானவை.

எவ்வளவு முறுக்கம் ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலம் உள்ள வண்டி 90 பாகை திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 2.36 மீட்டர் அதிகம் ஓடுகிறது. 245/70 ஆர் 16 அளவு டயரின் சுற்றளவு சுமார் 2.35 மீட்டர். அதாவது ஒரே ஒரு 90 பாகைத் திருப்பத்தில் இரு சக்கரங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று வித்தியாசம். லாக் போட்ட ஆக்சில் அந்த ஒரு சுற்றைத் தர மறுக்கிறது; மணலில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த பாறையிலோ ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்.

2. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

வகை தெரியாமல் செய்முறையைத் தொடங்காதீர்கள், ஏனெனில் ஒரு வகைக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

ஓட்டுநர் விரும்பும்போது போட்டு எடுக்கும் லாக்குகளில் நான்கு முறைகள் பரவலாக உண்டு. காற்றழுத்தத்தால் கோப்பது, மின்காந்தச் சுருளால் கோப்பது, சிறு மின்மோட்டார் ஒரு கவையை நகர்த்திக் கோப்பது, கேபிள் இழுத்துக் கோப்பது. முதல் இரண்டிலும் காற்றோ மின்சாரமோ நின்றதும் வில் பிரிக்கிறது. மோட்டார் வகையில் பிரிப்பதற்கும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியாக வேண்டும். எனவே அங்கே மின்சாரம் போய்விட்டால் லாக் போட்ட நிலையிலேயே நின்றுவிடும்.

ஓட்டுநர் எதையும் தொடாமல் தானாகக் கோத்துப் பிரியும் லாக்கர்கள் தனி இனம். அவற்றுக்குப் பின்னால் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

அடுத்து, டாஷ்போர்டு விளக்கு எதைக் காட்டுகிறது என்று கையேட்டில் பாருங்கள். சில வண்டிகளில் பற்களின் நிலையை உணரும் சென்சார் விளக்கை இயக்குகிறது. கழலாதவரை அது மின்னிக்கொண்டே இருக்கும். பின்னர் பொருத்திய லாக்குகள் பலவற்றில் விளக்கு சுவிட்சோடு மட்டுமே இணைந்திருக்கும். அங்கே விளக்கு அணைந்தால், கழலும்படி நீங்கள் கட்டளை கொடுத்திருக்கிறீர்கள் என்பது மட்டுமே பொருள். கழன்றுவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. என்னிடம் வருகிற குழப்பங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டில் தொடங்குபவை.

3. கிளம்பும் முன் கைவசம் வேண்டியவை

டயர் அழுத்தமானி கட்டாயம் வேண்டும். ஒரே ஆக்சிலின் இரு டயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே அழுத்தம் கொண்டிருக்க வேண்டும். ஒன்றின் உருளும் ஆரம் சற்றே குறைந்தாலும், நேராக ஓடும்போதுகூட லாக் போட்ட ஆக்சிலில் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட வண்டியில் நேராக ஓட்டி லாக்கை விடுவிக்கும் முறை பலிக்காது. ஸ்டெப்னி டயரைப் பின் ஆக்சிலில் மாட்டிக்கொண்டு லாக் கழலவில்லை என்று தவித்தவர்கள் உண்டு.

அடுத்து, சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டைகள் நான்கு, ஜாக்கி, அதன் அடியில் வைக்கத் தட்டையான பலகை. மின்சார வகைக்கு ஒரு மல்டிமீட்டரோ சோதனை விளக்கோ. காற்று வகைக்கு அந்த இணைப்புக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு துண்டு மெல்லிய கம்பி. கம்பி எதற்கு என்பது 7-ஆம் பகுதியில் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த வண்டியின் லாக் சரியாக இருக்கும்போது கழல எவ்வளவு நேரம் எடுக்கும், என்ன ஓசை வரும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தளர்ந்த மண்தரையில் பத்து முறை போட்டு எடுத்துப் பழகுங்கள். இயல்பு தெரியாதவருக்குத் தாமதம் எது என்று தெரியாது.

4. விடுவிக்கும் இடத்தைத் தேர்வது

தடையின் நடுவில் லாக்கை எடுக்க முயலாதீர்கள். ஏற்றத்தின் பாதியில் லாக் விட்டால், பிடிப்பில்லாத சக்கரம் சுழன்று வண்டி பின்னோக்கி நழுவும். தடையை முழுவதும் கடந்து, நான்கு சக்கரங்களும் தரையில் படிந்த பிறகே அடுத்த வேலை.

சமதரை, தளர்ந்த மேற்பரப்பு, நேராக இருபது முப்பது மீட்டர் இடைவெளி, இவை மூன்றும் கிடைக்கும் இடம் வேண்டும். நியூட்ரலில் நிறுத்த வேண்டியிருப்பதால் சமதரை. சிக்கிய முறுக்கம் டயரின் வழுக்கல் மூலம் வெளியேற வேண்டியிருப்பதால் தளர்ந்த மண், சரளை அல்லது புல்தரை. தார்ச்சாலையில் ஏறியபின் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் மிகப் பரவலான தவறு: கெட்டியான தரைக்குப் போகும் அந்தக் கடைசித் திருப்பத்திலேயே ஷாஃப்டில் முழு முறுக்கமும் ஏறிவிடும், பிறகு அதை இறக்க வழுக்கும் தரை இருக்காது.

5. களத்தில் விடுவிக்கும் வரிசை

அ. ஸ்டீயரிங்கை நேராக்கி, அதே நேர்கோட்டில் ஐந்தாறு மீட்டர் மெதுவாக உருண்டு வந்து நில்லுங்கள். திருப்பிய நிலையில் நின்றால், நீங்கள் நிற்கும் கணத்தில் இருந்த முறுக்கம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

ஆ. முன் ஆக்சிலிலும் லாக் இருந்தால் அதை முதலில் அணையுங்கள், பின்னதை அதற்கு அடுத்து. முன் லாக் இருக்கும்வரை ஸ்டீயரிங் தன் போக்கில் நேராக ஓடப் பார்க்கும். முதலில் வண்டியைத் திருப்பும் திறன் திரும்ப வேண்டும். டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையில் ஒரே திருகு சுவிட்ச், முதலில் பின் லாக், அதையும் தாண்டித் திருகினால் முன் லாக் என்று அமைந்திருப்பதும், மெர்சிடிஸ் ஜி வண்டியில் நடு, பின், முன் என்ற வரிசைப்படியே லாக்குகள் போடப்படுவதும் இதனால்தான். எடுக்கும்போது அந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும்.

இ. எஞ்சின் சுமையை நீக்குங்கள். மேனுவல் வண்டியில் கிளட்சை முழுவதும் மிதியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு டிரைவ் நிலையில் நிற்பது போதாது, ஏனெனில் டார்க் கன்வெர்ட்டர் அப்போதும் முறுக்குவிசையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரேக்கில் கால் வைத்தபடியே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று விநாடி பொறுத்திருங்கள். நல்ல நிலையில் இருக்கும் லாக் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் இங்கேயே டக் என்று கழன்றுவிடும்.

ஈ. கழலவில்லை என்றால் முதல் கியரில் நடை வேகத்தில் நேராகப் புறப்பட்டு, ஆக்சிலரேட்டரை மென்மையாகக் கொடுத்து உடனே முழுவதும் விடுங்கள். கொடுக்கும்போது பற்களின் ஒரு பக்கம் அழுந்துகிறது, விட்டதும் எஞ்சின் பிரேக்கிங்கால் மறு பக்கம் அழுந்துகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் மாறும் கணத்தில் சுமை பூச்சியமாகிறது, பற்கள் இடைவெளியில் தளர்ந்து நிற்கின்றன. வில்லுக்குத் தேவை அந்தக் கணம் மட்டுமே. கொடுப்பதையும் விடுவதையும் நிதானமாகச் செய்ய வேண்டும். படபடவென்று மிதித்தால் பற்கள் மோதி முனை மழுங்குமே தவிர வில்லுக்கு நேரம் கிடைக்காது.

உ. அதே வேகத்தில் ஸ்டீயரிங்கைச் சற்றே இடம், சற்றே வலம் என்று மாற்றி மாற்றி நெளிந்து ஓட்டுங்கள். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இது இரண்டாவது வகைச் சுமைக்கான மருந்து: இடப்பக்கம் திரும்பும்போது ஒரு திசையில் ஏறும் முறுக்கம், வலப்பக்கம் திரும்பும்போது குறைந்து, பூச்சியத்தைத் தாண்டி, எதிர்த்திசையில் ஏறுகிறது. அந்தத் தாண்டலில் லாக் விடும். ஒரே பக்கமாக வளைத்துக்கொண்டே போனால் முறுக்கம் கூடுவது மட்டுமே நடக்கும். வட்டமடித்து லாக்கைக் கழற்றப் பார்ப்பவர்கள் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

ஊ. நின்று, ரிவர்ஸில் நேராக இரண்டு மூன்று மீட்டர் பின்னால் வாருங்கள். மீண்டும் நின்று கிளட்சை மிதியுங்கள். வந்த வழியிலேயே பின்வாங்கும்போது, முன்னால் வரும்போது ஏறிய முறுக்கத்தின் ஒரு பகுதி அவிழ்ந்துவிடும். பின்னால் ஆள் நின்று வழிகாட்டினால் நல்லது.

எ. ஈ முதல் ஊ வரை மூன்று முறை செய்யுங்கள். இவ்வளவு நேரமும் சுவிட்ச் அணைந்த நிலையிலேயே இருக்கட்டும். மோட்டார் வகையில் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தால் மோட்டார் பாதி வழியில் திசை மாறி மாறிச் சுற்றும். கவை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் குழப்பம்.

மூன்று முறைக்குப் பிறகும் கழலவில்லை என்றால் ஒரு சக்கரத்தை உயர்த்தி முறுக்கத்தை நேரடியாக வெளியேற்றலாம். சமதரையில் மட்டுமே செய்ய வேண்டும். மற்ற ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, லாக் சுவிட்ச் அணைந்திருப்பதைச் சரிபார்த்துவிட்டு, லாக் உள்ள ஆக்சிலின் ஒரு சக்கரத்தை மெல்ல உயர்த்துங்கள். பின் ஆக்சிலை உயர்த்தும்போது கைப்பிரேக்கை விட்டிருக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான வண்டிகளில் அது பிடிப்பது பின் சக்கரங்களைத்தான்; பிடித்திருந்தால் சக்கரம் சுற்றாது, முறுக்கமும் போகாது. கட்டைகளைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான். டயர் தரையை விட்டு எழும் கணத்தில் சக்கரம் வெடுக்கென்று சற்றுத் திரும்பும். கையையோ காலையோ அதன் அருகில் வைத்திருக்காதீர்கள், வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். அந்த வெடுக்கோடு சேர்ந்து உள்ளே டக் என்ற ஓசை வந்தால் லாக் விட்டுவிட்டது.

6. உண்மையில் விட்டுவிட்டதா

தளர்ந்த தரையில் நடை வேகத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு கால் வட்டம் போடுங்கள், பிறகு இறங்கித் தடத்தைப் பாருங்கள். லாக் விட்டிருந்தால் நான்கு தடங்களிலும் டயரின் கட்டங்கள் தெளிவாகப் பதிந்திருக்கும். விடாவிட்டால் அந்த ஆக்சிலின் தடத்தில், குறிப்பாக உள்பக்கத்தில், கட்டங்கள் சிதைந்து, மண் சிறு அலைகளாக ஒதுங்கியிருக்கும். ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நேராகத் துள்ளுவது முன் லாக் இன்னும் இருப்பதற்கு அடையாளம். பல வண்டிகளில் லாக் போட்டிருக்கும்போது ஏபிஎஸ் செயலற்று அதன் விளக்கு எரியும். அது அணைவது நல்ல துணைச் சான்று.

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில், அதாவது தேவைப்படும்போது மட்டும் முன் ஆக்சிலைக் கோக்கும் வண்டிகளில், இங்கே ஒரு குழப்பம் வரும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே, இரண்டுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இதேபோல் முறுக்கம் ஏறும். அதுவும் திருப்பத்தில் வண்டியை இறுக்கும், கியர் நெம்புகோலை இரு சக்கர நிலைக்கு வர விடாது. டிஃபரென்ஷியல் லாக் கழன்றுவிட்ட பிறகும் வண்டி இறுகுகிறது என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். டூ எச் (இரு சக்கர) நிலைக்கு மாறியதும் இறுக்கம் போய்விட்டால் பின் லாக்கின் மேல் பழி இல்லை.

இவ்வளவும் செய்தும் லாக் விடவில்லை என்றால், தளர்ந்த தரை வழியாகவே, நடை வேகத்தில், கூடியவரை அகலமான வளைவுகளில் வெளியே வாருங்கள். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். ஷாஃப்டோ பல்லோ முறிவது அங்கேதான்.

7. பட்டறையில் கோளாறைத் தேடும் வரிசை

முதல் சோதனை, பாகங்களின் மேல் சுமையே இல்லாத நிலையில் லாக் கழலுகிறதா என்பது. ஆக்சிலின் இரு பக்கத்தையும் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. மற்ற ஆக்சிலுக்குக் கட்டை, கைப்பிரேக் விட்ட நிலை, எஞ்சின் அணைந்த நிலை. மேனுவல் வண்டியைக் கியரிலும் ஆட்டோமேட்டிக்கைப் பார்க்கிங் நிலையிலும் வைத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். முன் ஆக்சிலைச் சோதிக்கிறீர்கள் என்றால் ஃபோர் வீல் டிரைவ் கோத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் ஷாஃப்ட் தளர்ந்திருந்து சோதனையைப் பொய்யாக்கும்.

இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லாக் இல்லை என்றால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். லாக் இருந்தால் இரண்டும் சிறு ஆட்டத்துக்கு மேல் அசையாது. லாக்கைப் போட்டு, சக்கரத்தை மெல்ல ஆட்டிக் கோக்க வைத்து, பிறகு அணைத்து மீண்டும் ஆட்டுங்கள். இங்கே உடனுக்குடன் கழன்றால் பாகங்கள் நலம்; களத்தில் வந்த தாமதம் சுமையால் வந்தது, 5-ஆம் பகுதிதான் உங்களுக்கான மருந்து. பணம் செலவழித்து எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

இங்கும் கழலவில்லை என்றால், கட்டளை போய்ச் சேரவில்லையா, அல்லது போய்ச் சேர்ந்தும் இயந்திரம் அசையவில்லையா என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் டிஃபரென்ஷியலைத் திறப்பவர்கள், ஒரு வால்வோடு முடிய வேண்டிய வேலையை மூன்று நாள் வேலையாக ஆக்கிக்கொள்கிறார்கள்.

காற்று வகையில், சுவிட்சை அணைத்தவுடன், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வின் வெளியேற்றத் துளையிலிருந்து உஸ் என்ற சிறு ஓசை வர வேண்டும். வரவில்லை என்றால் காற்று உள்ளேயே அடைபட்டிருக்கிறது. டிஃபரென்ஷியல் பக்க இணைப்பை முகத்தை விலக்கிக்கொண்டு மெல்லத் தளர்த்துங்கள். காற்று சீறி வெளியேறி, சக்கரத்தை ஆட்டியதும் லாக் கழன்றால், கோளாறு வால்வுப் பக்கம். காற்றே வராமல் லாக் அப்படியே நின்றால் கோளாறு உள்ளே.

வால்வுப் பக்கக் கோளாறுகளில் நான் அதிகம் கண்டது, வெளியேற்றத் துளையில் சேறு காய்ந்து அடைத்திருப்பது. என் வண்டியிலேயே நடந்தது. ஆற்றுப்படுகைச் சேற்றில் ஒரு நாள் முழுவதும் ஓட்டியபின், அடுத்த வாரம் லாக் கழல ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்தது. உள்ளே வில் ஒடிந்துவிட்டதென்றே முடிவு செய்து ஆயிலையும் வடித்துவிட்டேன். கடைசியில் வால்வை விரலால் தடவியபோது, கடுகளவு துளையில் ஓடு போலக் காய்ந்த மண். கம்பி நுனியால் அதை நெம்பியதும் உஸ்ஸென்று காற்று போனது, பின்னால் டக் என்று ஓசை. அன்றிலிருந்து வால்வைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி, எஞ்சின் அறையின் உயரமான இடத்தில் பொருத்தியிருக்கிறேன். கம்பியைத் துளையின் வாயில் மட்டும் பயன்படுத்துங்கள். உள்ளே குத்தினால் வால்வின் இருக்கை கீறிவிடும்.

அந்தத் துளையிலிருந்து காற்றோடு ஆயிலும் தெறித்தால், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் ஓ-ரிங் தேய்ந்து கியர் ஆயில் குழாய்க்குள் ஏறுகிறது என்று பொருள். குழாயில் நிற்கும் ஆயில் காற்றின் வெளியேற்றத்தைத் தடுத்துத் தாமதம் உண்டாக்கும். குழாய் சைலன்ஸருக்கு அருகில் போய் உருகி நசுங்கியிருக்கிறதா என்பதையும் முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள்.

மின்காந்த வகையில், சுவிட்ச் அணைந்த நிலையில் டிஃபரென்ஷியலுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தில் மின்னழுத்தம் பாருங்கள். மின்னழுத்தம் மிச்சமிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வயர் எங்கோ உரசி வேறு இணைப்பிலிருந்து மின்சாரம் பெறுகிறது. கனெக்டரைக் கழற்றியும் லாக் விடவில்லை என்றால் மின்சாரத்தின் மேல் சந்தேகம் இல்லை.

மோட்டார் வகையில் காதை வையுங்கள். அணைத்ததும் மோட்டார் சுற்றும் ஓசை வந்து, லாக் மட்டும் விடவில்லை என்றால் கவையோ பற்களோ சிக்கியிருக்கின்றன. ஓசையே இல்லை என்றால் ஃபியூஸ், எர்த் இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். இந்த வகை பெரும்பாலும் பழுதாவது ஓட்டத்தால் அல்ல, ஓட்டாமல் விடுவதால். மாதக்கணக்கில் அசையாத மோட்டாருக்குள் ஈரம் புகுந்து தண்டு துருவோடு ஒட்டிக்கொள்கிறது. மாதம் ஒரு முறையாவது தளர்ந்த தரையில் போட்டு எடுங்கள்.

கேபிள் வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: டிஃபரென்ஷியல் முனையில் கேபிளைக் கழற்றி, உறைக்குள் தடையின்றி ஓடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். சேறு, துரு, கூர்மையான வளைவு, இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

8. ஆயிலும் பிரீதரும்

குறிப்பிட்டதைவிடத் தடித்த ஆயில் ஊற்றினால், குளிர்ந்த காலையில் நகரும் வளையத்தைச் சுற்றி அது கஞ்சி போல நின்று வில்லின் வேகத்தைக் குறைக்கும். காலையில் தாமதம், அரை மணி ஓட்டத்துக்குப் பின் சரியாகிறது என்றால் ஆயிலின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். லாக்கர் தயாரித்தவர் எந்தத் தரம் சொல்கிறாரோ அதையே ஊற்றுங்கள். கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

ஆயிலை வடிக்கும் முன், ஊற்றும் துளையின் நட் கழலுகிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, மேல் நட் துருவில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர்களின் வண்டி அன்று பட்டறையை விட்டு நகர்வதில்லை. வடிந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்த நட்டில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரலில் குத்தும் துணுக்குகள் இருந்தால் பற்களின் விளிம்பு உடைந்திருக்கிறது, அப்படி உடைந்த பற்களின் பிசிறுதான் லாக்கைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அந்த நிலையில் டிஃபரென்ஷியலைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பிரீதர், அதாவது ஆக்சிலின் காற்றுப்போக்கித் துளை. ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது. பிரீதர் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதருக்கு ஒரு நீண்ட குழாய் மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது மலிவான, பயனுள்ள மாற்றம்.

9. தானாகக் கோக்கும் லாக்கர்களுக்கு

இவற்றில் அணைக்க சுவிட்ச் கிடையாது. ராட்செட் வகைகளில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்ற முனையும்போது அந்தப் பக்கம் பிரிகிறது. ஆனால் திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருந்தால் பற்கள் சுமையில் நின்று பிரிய மறுக்கும், பிறகு திடீரென்று பட்டென்ற ஓசையோடு விடும். மருந்து பாகத்தில் இல்லை, பாதத்தில் இருக்கிறது: திருப்பத்துக்குள் நுழையும் முன் ஆக்சிலரேட்டரைக் குறைத்து, திருப்பம் முழுவதும் ஒரே சீரான மென்மிதியில் வைத்திருங்கள். திருப்பங்களில் வரும் டிக் டிக் ஓசை இயல்பானதே.

சக்கரங்களின் வேக வித்தியாசத்தை உணர்ந்து கோக்கும் இயந்திர லாக்குகளும் சுமை தளர்ந்தால்தான் விடும். தடையைத் தாண்டியதும் ஒரு கணம் காலை எடுத்துவிட்டு, நேராக உருண்டு, பிறகு திருப்புங்கள். தடையின் உச்சியில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை ஒடித்து, அதே மிதியில் திருப்ப முயல்பவர்களுக்கு மட்டும் இந்த வகை எப்போதும் தாமதமாகவே விடும்.